வேறு கடை ஈயம்

சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, திரையில் ஜீரோ வந்தால் பேலன்சிங் முடிந்தது. அந்த ஜீரோவை நம்பித்தான் அவள் டயர் கடையில் தலைநிமிர்ந்து நின்றாள். டிரைவர்கள் அவளை ‘ஜீரோ அக்கா’ என்பார்கள். முன்பெல்லாம் சக்கரத்தைப் படுக்கப்போட்டு, நடுவில் ரசமட்டம் வைத்து, குமிழி ஓடுவதைப் பார்த்து, கனம் குறைந்த பக்கத்தில் ஈயத்துண்டு அடித்தார்கள். எந்தப் பக்கம் கனம் என்று அது சொல்லும். ஓடும்போது சக்கரம் பக்கவாட்டில் உதறுவது அதன் கண்ணில் படாது. மெஷின் வந்ததும் ரசமட்டத்தைத் தூக்கி மூலையில் போட்டவளே அவள்தான்.

வேன் ஓட்டும் புருஷன் ஒருநாள் கடைக்கே வந்து நின்றான்.

“எண்பதைத் தாண்டினா ஸ்டீரிங் ஆடுது.”

“நேத்துதானே பண்ணேன். ஜீரோ காட்டிச்சே.”

“காட்டிச்சு. ஆனா ஆடுதே.”

வழக்கம்போல வால்வை மெஷினின் குறிக்கு நேராக வைத்து மறுபடி மாட்டினாள். மறுபடி ஜீரோ. வரிசையில் நின்ற டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஆடறது ஸ்டீரிங்கா, உங்க கையா?” என்றாள்.

“அக்கா, அண்ணனை ஒருதடவை ஊதச் சொல்லுங்க!” என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவன் குடியை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டை வாங்குகிற சாக்கில் கிட்டே போய் மூச்சை மோந்து பார்த்தாள். அவனுக்குப் புரியாமல் இருக்குமா? சட்டையைத் தானே ஆணியில் மாட்டத் தொடங்கினான். ஸ்டீரிங் பேச்சும் நின்றுபோனது. எப்படியோ சரியாகிவிட்டான் என்று எண்ணிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேனைக் கழுவும்போது முன்சக்கரத்தில் வேறு கடை ஈயம் இருந்தது. ஒரு போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் பொட்டு. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வண்டியிலிருந்து கழற்றாமலே சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்க்கிற கடை. அப்படிச் செய்தால் சக்கரத்துக்குப் பின்னால் சேர்ந்து சுற்றும் பிரேக் டிரம்மின் கோளாறும் சேர்ந்து அடங்கும்; ஆனால் கழற்றினால் அதே போல்ட்டில்தான் திரும்ப மாட்ட வேண்டும். பொட்டு அதற்குத்தான். அவன் சட்டையில் இன்னொருத்தியின் தலைமயிரைப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பொங்கியிருக்காது.

அந்தக் கடைக்காரனின் வண்டவாளத்தைக் காட்டாமல் விடுவதில்லை என்று அப்போதே சக்கரத்தைக் கழற்றித் தன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். மெஷின் முப்பது கிராம் காட்டியது. “பாத்தீங்களா, முதலாளி!” என்றாள். சரியாக உட்காரவில்லையோ என்று தளர்த்தி, அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றவிட்டாள். ஐந்து. சக்கரம் அதேதான், ஈயமும் அதேதான்.

முதலாளி தலையைச் சொறிந்தார். “மெஷின் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கும்மா. லாரி சக்கரம் அதுமேல சாஞ்ச அன்னிக்கே நினைச்சேன். ஒரே மாதிரி மாட்டினா எப்பவும் ஜீரோதான் வருதேன்னு விட்டுட்டேன். நீ வெளியே சொல்லிக்காதே.”

வீட்டில் அவன் ஜாக்கியில் நின்ற வேனுக்குப் பக்கத்தில் காத்திருந்தான்.

“மெஷின்லதாங்க கோளாறு,” என்றாள். “ஒரே சக்கரத்துக்கு ரெண்டு கணக்கு காட்டுது.”

“ஓகோ, அதுவே ஒத்துக்கிச்சா?” சக்கரத்தை வாங்கி மாட்டினான். “அதை ரிப்பேர் பண்ணிடுவாங்கல்ல? அப்புறம் நான் ஒண்ணு சொல்லி அது ஒண்ணு சொன்னா, யாரை நம்புவே?”

உங்களைத்தான் என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள் யோசித்தாள். அவள் யோசித்ததை அவன் பார்த்துவிட்டான்.