சுவரொட்டிக்குள் ஓர் ஊதா நிறம்

"இந்த டேர்ம் முடியறதுக்குள்ள ஊதாவைக் கண்ணுல காட்டணும், சரோஜா. இல்லைன்னா தலைப்பை மாத்திக்கோ" என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார். சென்ட்ரிஃப்யூஜ் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். சரோஜாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு கல்லூரியில் நான் லேப் அசிஸ்டெண்ட். உயிர்வேதியியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காதால் கேட்டுப் படித்ததுதான். சரோஜா வெண்ணந்தூர் நெசவுக் குடும்பத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. மண்ணீரலில் ஓர் என்சைம் இருக்கிறது. அது வேலை செய்யும் இடத்தில் இரண்டு இரும்பு அணுக்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும், அந்த இரும்பால் என்சைமே ஊதாவாகத் தெரியும் என்பாள். மாட்டு மண்ணீரலில் வெளிநாட்டில் பார்த்துவிட்டார்கள். ஆட்டில் உண்டா என்பது இவள் கேள்வி.

ஆட்டு மண்ணீரல் என்றால் நம் ஊரில் சுவரொட்டி. எங்கள் மல்லசமுத்திரத்தில் செங்கோடன் என்பவர் ஞாயிறு தவறாமல் ஆடு போடுவார். அவரிடம் கிடைத்ததையெல்லாம் வாங்கி, ஐஸ் வைத்த டப்பாவில் அடைத்து, பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுப்பேன். அரைத்து, வடித்து, கண்ணாடிக் குழாயில் நிரப்பிய செல்லுலோஸ் வழியாக இறக்குவோம். ரத்தச் சிவப்பு முதலில் ஓடிவிடும். அதன்பின் மேலே ஊதாப் பட்டை நிற்க வேண்டும். எங்களுக்கு வாராவாரம் நின்றது மஞ்சள்.

அன்று சரோஜா அந்த மஞ்சளில் துளி எடுத்துக் கைக்குட்டையில் விட்டாள். சோப்பைத் தேய்த்தாள். கறை செக்கச் சிவந்தது.

"அண்ணா, இது சமையல் மஞ்சள்!" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளும் என்னோடு வந்தாள். கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த செங்கோடன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த அம்மிணிக்குத்தானுங்களா? பரவாயில்லீங்களே, நல்லாத் தெளிஞ்சிருக்குதுங்க!"

"எனக்கு என்னங்க?"

"சோகைங்க. வாராவாரம் இத்தன சுவரொட்டி வாங்கறாரு, எந்தப் புள்ளைக்கு ரத்தமே இல்லாமப் போச்சோன்னு, மஞ்சத் தண்ணில ஊறப்போட்டுல்ல குடுக்கறேன். புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்வளவு மஞ்ச போடமாட்டனுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சரோஜா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"திங்கறதுக்கில்லையா? மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க! நான் பாட்டுக்கு மஞ்சளப் போட்டுக்கிட்டிருக்கேன்!"

அன்று மஞ்சள் படாத சட்டியில், எங்கள் ஐஸில் நேராகப் போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை குழாயின் மேற்பகுதியில் மெல்லிய ஊதா வளையம் நின்றது. கத்தரிப்பூ நிறம். சரோஜா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊதாவா இருக்கறப்ப இது வேலை செய்யாதுண்ணா. ரெண்டு இரும்பும் முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒண்ணு கொஞ்சம் இறங்கி வந்தாத்தான் நடக்கும்" என்றாள். அப்படி இறக்கிவைக்க மெர்காப்டோ என்ற கந்தகத் திரவத்தைச் சேர்த்தாள், அதன் நாற்றத்தில் வராண்டாவரை ஆட்கள் ஓடினார்கள். ஊதா மெல்ல இளஞ்சிவப்பானது. என்சைமைச் சோதிக்கும் கரைசலில் அதை விட்டு, சோப்பில் இருப்பதுபோன்ற காரத்தைச் சேர்த்தாள். சோதனைக் குழாயில் பளிச்சென்று மஞ்சள் நிறம் வந்தது.

உள்ளே வந்த பேராசிரியர் குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மறுபடியும் மஞ்சளா?"

"இது வேலை செய்யற மஞ்சள் சார். என்சைம் வெட்டிவிட்ட பொருளோட நிறம். காரம் போட்டும் சிவக்கலை, பாருங்க."

அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலைப்பு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். கையில் இருந்த குழாயைக் கீழே வைக்க அவருக்கு மனமே வரவில்லை.

இப்போது லேப் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யாரிடம் எதைக் கேட்டாலும், எதற்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அன்பிலேயே கெடுத்துவிடுவார்கள்; சொல்லிவிட்டால் நம்மைவிட அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள். அதன்பின் செங்கோடன் என்னைக் கண்டால் உடல்நலம் விசாரித்ததே இல்லை.

"ஏனுங்க, ரெண்டு இரும்பும் சௌக்கியமுங்களா?" என்றுதான் கேட்பார்.