குழைசோறும் வெள்ளை நாயும்

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம், எங்கே வேலைக்குப் போய்க் கேட்டாலும் ஒரே கேள்விதான் வந்தது. "உங்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுதித்தர இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?" கொழும்பில் எட்டு வருடம் ஓர் அலுவலகத்துக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த எட்டு வருடமும் விமானத்தில் வரும்போது எங்கேயோ கடலில் விழுந்துவிட்டது போல நடந்துகொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மவுண்ட் ரோஸ்கில் தெருமுனை டெய்ரியின், அதாவது இந்த ஊர்ப் பெட்டிக்கடையின், கண்ணாடியில் ஓர் அட்டையைப் பார்த்தேன். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களை ஒரு பெண்மணி தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார், நடத்திக்கொண்டு போகத் தொண்டர்கள் தேவை என்று அதில் எழுதியிருந்தது. சம்பளம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரப் பெண்மணி, கையெழுத்துப் போடக் கூடியவர்.

விரி என்ற புறநகர்க் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு வந்த என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? ஊரில நாய் குலைச்சாலே மற்றப் பக்கத்தால சுத்திப் போற ஆள் நீர்."

"நாய்க்காகவே போறன்? கடிதத்துக்குப் போறன்," என்றேன்.

பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். கறாரான ஆள். முதல் நாளே விதிகள் எழுதிய தாள் ஒன்றைத் தந்தார். நாயைக் கட்டிய வாரின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டி, மறு கையாலும் பிடிக்க வேண்டும். வாய்க்கூட்டைக் கழற்றக் கூடாது. ஓடுவதைக் கண்டால் இந்த நாய்கள் பாயும், ஒருமுறை கைவிட்டால் அடுத்த தெருவில்கூடப் பிடிக்க முடியாது. நாய் இழுத்தால் பின்னால் சாய்ந்து குந்திவிட வேண்டும். எதுவும் ஊட்டக் கூடாது, முக்கியமாக வெங்காயம்.

எனக்குத் தந்தது ஒரு வெள்ளை நாய். அதன் விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். "இந்த இனமே இப்படித்தான், இதுதான் சரியான எடை," என்றார் அவர். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. எலும்பும் தோலுமாக ஒரு சீவன் முன்னால் நிற்க, சாப்பிட்டாயா என்று கேட்காமல் நடக்கக் கூட்டிப்போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே அடுத்த சனிக்கிழமை என் கோட்டுப் பைக்குள் குழைசோறு போயிற்று. மிஞ்சிய சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழைத்து, உருண்டை பிடித்து, சுற்றியிருப்பவர்களின் கையில் ஒவ்வொன்றாக வைப்பதுதான் எங்கள் குழைசோறு. நாய்க்கென்று பருப்பைத் தனியாக அவித்தேன். மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, மஞ்சள்தூள் மட்டும். விதியை மதிக்கத் தெரியாதவளா நான்?

பூங்காவின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, வாய்க்கூட்டைக் கழற்றி, இரண்டு உருண்டை கொடுத்தேன். நாய் என்னைப் பார்த்த மாதிரி என் கணவர் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

பெண்மணி வாராவாரம் நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நிற்பார். மூன்றாம் வாரம் முகம் சுளித்தார். "கூடிவிட்டதே. இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறேன்." பாவம், என்னால்தானே குறைக்கிறார் என்று மூன்று உருண்டை கொண்டுபோனேன். அடுத்த வாரம் எடை இன்னும் கூடியது. அவர் இன்னும் குறைத்தார். நான் நாலாக்கினேன். இப்படியே இருவரும் ஒரு நாயை வைத்து மும்முரமாகப் போட்டி போட்டோம், அவருக்கு மட்டும் அது தெரியாது.

இதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் நேர்காணல் கிடைத்தது. கடிதம் கேட்டேன். "வரும் சனிக்கிழமை நடத்திவிட்டு வாருங்கள், எழுதி வைக்கிறேன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை, மூன்றாவது உருண்டையின்போது பூனை வந்தது.

வாய்க்கூடு வாங்கில் கிடந்தது. என் வலது கையில் சோறு, இடது மணிக்கட்டில் மட்டும் வார். நாய் பாய்ந்தது. நான் குந்தினேன், குந்தியபடியே இழுபட்டேன். மழையில் ஊறிய புல்லில் முதுகால் போனேன், பிறகு வயிற்றால் போனேன். எந்தக் கடவுளையெல்லாம் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. வாரை மட்டும் விடவில்லை. பூனை வேலி ஏறிய பிறகுதான் நாய் நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தை நக்கியது.

திரும்பிப் போகும் வழியெல்லாம் பொய் தயாரித்தேன். வாசலில் அவர் என் மேலிருந்த சேற்றைப் பார்க்கவில்லை. நாயின் வாயைப் பார்த்தார். வெள்ளை வாய் முழுக்க மஞ்சள். என் கைக்குட்டையால் துடைத்ததில் மஞ்சள் காதுவரை பரவியிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உருண்டைக் கணக்கு, கழற்றிய வாய்க்கூடு, பூனை, எல்லாம். சொல்லும்போது அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய், நெடுநேரம் கழித்து ஒட்டிய உறை ஒன்றோடு வந்தார்.

"பழையதைக் கிழித்துவிட்டேன். இது புதிது."

அதைத் திறக்கத் துணிவில்லாமல் அப்படியே நேர்காணலில் கொடுத்தேன். மேலாளர் வாசித்தார், இருமினார், பிறகு சத்தமாகவே வாசித்தார்.

"இவர் என் விதிகளில் மூன்றை மீறினார், கேட்குமுன்னே ஒப்புக்கொண்டார். இவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால், சேற்றில் இழுத்துப்போனாலும் கையை விட மாட்டார். சாப்பாட்டு அலமாரியின் சாவியை மட்டும் கொடுக்க வேண்டாம்."

எட்டு வருடம் வேலை செய்த இடத்தில்கூட என்னை ஒருவரும் இவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை வர முடியுமா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். பெண்மணி முதலில் என் கோட்டுப் பைகளைத் தடவினார். ஓர் உருண்டை அகப்பட்டது. அவர் முகம் கடுக்கும் முன்னே சொன்னேன், "அது உங்களுக்கு." வெங்காயமும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டிருந்தேன்.

அவர் அங்கேயே நின்று தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, மோவாயில் மஞ்சள் ஒட்டியது. வாய்க்கூட்டுக்குள்ளிருந்து நாய் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.