ஃபோர்த்வித் தாஸ்

எங்க டிரெயின்ல தாஸுக்கு ‘ஃபோர்த்வித்’னுதான் பேரு. சாயங்காலம் பெங்களூர் கன்டோன்மென்ட்ல ஏறி கோலார் தங்கவயலுக்குப் போற எங்க பெட்டியில யாரை வேணா கேட்டுப் பாருங்க. இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தை இருக்கறதே எங்களுக்கு அவனாலதான் தெரியும். உடனேன்னு அர்த்தம். சும்மா உடனே இல்ல. எதிர்க்கேள்வி கேக்காம, கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு, இந்த நிமிஷமே. கோர்ட்டு ஆர்டர்லயும் ஆபீஸ் மெமோவுலயும் எழுதுவாங்க. வீட்ல யாரும் பேச மாட்டாங்க.

தாஸ் வீட்ல பேசினாங்க. அவங்கப்பா சுரங்கத்துல வேலை பாத்தவரு. நோட்டீஸ் போர்டுல படிச்ச வார்த்தை புடிச்சுப்போய், “டேய், குளிச்சிட்டு வா, ஃபோர்த்வித்!”னுதான் புள்ளைய வளத்தாரு. புள்ள இப்ப ஜோகுபாளையம் பக்கம் ஒரு ஆபீஸ்ல செக்யூரிட்டி சூப்பர்வைசர். கேட்டுக்கு முன்னால எவனாவது வண்டிய நிறுத்தினா, “ரிமூவ் ஃபோர்த்வித்!” எங்க வாட்ஸப் குரூப்புல, “டிரெயின் வந்தாச்சு, கம் ஃபோர்த்வித்.”

ஆனா ஒண்ணு, அது அடுத்தவனுக்கு உத்தரவு போடற வார்த்தை. தனக்குன்னு வந்தா இவன மாதிரி மந்தம் இந்த லைன்லயே கெடையாது. செருப்பு அறுந்தா தைக்கறதுக்கே மாசக்கணக்குல யோசிப்பான்.

சோஃபியா விஷயத்துல கேக்கவே வேணாம். அவ ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறா. எங்களோட ஏறி கே.ஆர்.புரத்துல எறங்கிடுவா. மொச்சைக்காய் சீசன் வந்தா எங்க பெட்டியில பொம்பளைங்க எல்லாம் மடியில காயக் கொட்டி உரிச்சிக்கிட்டே போவோம். தாஸ் வேற யாருக்கும் ஒரு காய் தொட மாட்டான். சோஃபியாவோட பைய மட்டும் கே.ஆர்.புரம் வர்றதுக்குள்ள உரிச்சு முடிச்சிடுவான். பெட்டிக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். அவளுக்கும் இவன்மேல ஆசைதான். இவன் வாயத்தான் தொறக்க மாட்டான். “ப்ரமோஷன் வரட்டும் மெர்சிக்கா. தங்கச்சிக்குப் பிரசவம் ஆகட்டும்க்கா.” எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன வெள்ளிக்கிழமை சோஃபியா ஏறும்போதே மூஞ்சி சரியில்ல.

“அக்கா, ஞாயித்துக்கெழம அடுகோடியில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காராம். வரச் சொல்லலாமான்னு அப்பா கேக்கறாரு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பதில் சொல்லணும்.”

எதிர் சீட்ல தாஸ் காய் உரிச்சிட்டு இருந்தான். கை நின்னுபோச்சு. “நல்ல எடமா?”ன்னு கேட்டான் பாருங்க! எனக்கு வந்த கோவத்துக்கு மொச்சைக்காயக் கூடையோட அவன் தலையில கவுத்திருப்பேன்.

சோஃபியா கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. “நல்ல எடம்தான். நான் என்ன சொல்லட்டும், தாஸ்?” அதுவரைக்கும் சார்னு கூப்பிட்டவ.

“இல்ல... பொங்கல் போகட்டும். அம்மாகிட்ட ஒரு வார்த்தை...”

பக்கத்துல சீட்டாடிட்டிருந்த ராஜேந்திரண்ணன் கையில இருந்த சீட்டெல்லாம் கீழ போட்டாரு. “ஃபோர்த்வித்!”னு ஒரு சத்தம். அவ்ளோதான், பெட்டியே புடிச்சிக்கிச்சு. தமிழே தெரியாத சந்திரம்மாகூட “ஃபோர்த்வித்! ஃபோர்த்வித்!”னு கை தட்டுறாங்க. தாஸுக்குக் காதெல்லாம் செவந்துடுச்சு.

அம்மாவத்தானே கேக்கணும்? நான் அவங்கம்மா கிருஷ்ணம்மா அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். விஷயத்தச் சொன்னேன்.

“அந்தப் பொண்ணுக்குன்னு பொடவ எடுத்து வெச்சு, பொட்டியில மடிப்பே நைஞ்சுபோச்சு மெர்சி. ஊருக்கெல்லாம் இவன் அந்த வார்த்தையச் சொல்றான். இவனுக்கு யாருடி சொல்றது? சொல்ற மனுஷன் போயிட்டாரு.”

அத்தை மூக்க உறிஞ்சறது ஸ்பீக்கர்ல கேட்டுது. தாஸ் தலையத் தூக்கவே இல்ல.

கே.ஆர்.புரம் வந்துச்சு. சோஃபியா பைய எடுத்துக்கிட்டு, யாரையும் பாக்காம எறங்கிட்டா. இவன் உக்காந்தே இருந்தான். வண்டி ஹாரன் அடிச்சுது.

“ஹோகப்பா, ஹோகு!”ன்னு கன்னடத்துல வெரட்டி, சந்திரம்மா அவன் முதுகுல ஒண்ணு வெச்சாங்க.

அப்பதான் எழுந்தான். மடியில இருந்த தோலெல்லாம் எங்க மேல கொட்டுச்சு. “அக்கா, என் டிபன் பை...”

“நான் பாத்துக்கறேன், போய்த் தொலைடா!”

ஓடற வண்டியில ஏறாதீங்க, எறங்காதீங்கன்னு தெனமும் குரூப்புல எழுதறவன், நகர ஆரம்பிச்ச வண்டியில இருந்து குதிச்சான். நாங்க எல்லாரும் ஜன்னலுக்குப் பாய்ஞ்சோம். “சோஃபியா, நில்லு! உங்கப்பாகிட்ட நான் பேசறேன்!”னு கத்தினான். அவ திரும்பாமலே “எப்போ?”ன்னு கேட்டா. இவன் என்ன சொன்னானோ, வண்டிச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. அவ கையில இருந்த பைய வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டத மட்டும் பாத்தோம்.

போன் இன்னும் என் கையிலதான் இருந்துச்சு.

“என்னாச்சு மெர்சி? எறங்கினானா?”

“எறங்கிட்டான் அத்தை.”

“நடந்தானா, ஓடினானா?”

“ஓடினான் அத்தை. குதிச்சு ஓடினான்.”