இருமல் இல்லாமல் வந்த நன்றி

எங்கள் ஊர் வானொலி நிலையத்தின் மேனேஜர் என் அக்காள் புருஷன். ஊரில் அவருக்கு 'இருமல்' என்று பெயர். மைக் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் ஒரு இருமல், அப்புறம்தான் பேச்சு. சளியும் கிடையாது, சீக்கும் கிடையாது, வெறும் பழக்கம். காலையில் அந்த இருமல் கேட்டதும் பாதி ஊர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கும். நானும் அதே நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்தவன்தான். அந்த இருமலைச் சகித்துக்கொண்டே எனக்குத் தலை நரைத்தது.

அவரைத் தூக்கி வைத்து எழுதப் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அத்தான் சரியான சிடுமூஞ்சி. வானொலிக்கு அவர் வந்ததே ஒரு சண்டையில்தான். அப்போது பஸ் டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தார். ஒருநாள் வானொலியில் பஸ் நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்ட பயணிகள் எல்லாரும் டிப்போவுக்கு வந்து இவர் தலையை உருட்டியிருக்கிறார்கள். இவர் நேரே பெயிண்ட் கடைக்கு மேலே இருந்த நிலையத்துக்கு மாடியேறிப் போய், முதலாளியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

முதலாளி மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவர். ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டையைத் தேய்த்துக்கொண்ட மனுஷன். கத்தாமலே ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேச ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும், இருந்த காசைப் போட்டு வானொலி ஆரம்பித்தவர். அவர் அத்தானை முழுசாகக் கத்தவிட்டு, "இவ்வளவு கத்துறியே, நாளையிலேருந்து நீயே வந்து படிச்சுட்டுப் போ" என்றார். இவரும் போனார். போனவர் திரும்பவே இல்லை. மேனேஜராகி, நாற்காலி தேய்ந்து, வேறு நாற்காலி வந்து, அதுவும் தேய்ந்தது.

காலை அறிவிப்பு அவருடைய ராஜ்யம். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த பஸ் ஓடாது, யார் செத்தார்கள், யாருடைய குடை எங்கே தொலைந்தது எல்லாம் வரும். நடுநடுவே ஊரையும் திட்டுவார். "நேத்து சாயங்காலம் மருந்துக்கடை வாசல்ல குறுக்கே வண்டிய நிறுத்தினது யாருன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல வெக்காதீங்க" என்பார். சத்தியமாக அவருக்குத் தெரியாது. ஆனால் பத்து நிமிஷத்தில் அந்த வாசல் காலியாகிவிடும். முடிக்கும்போது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "அவ்வளவுதான், போய் வேலையப் பாருங்க."

நன்றி மட்டும் சொல்ல மாட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மைக்கில் அந்த வார்த்தை ஒருமுறைகூட வந்ததில்லை. விளம்பரம் கொடுத்தவருக்கும் கிடையாது, பேட்டிக்கு வந்த பெரிய மனிதர்களுக்கும் கிடையாது. ஏன் அத்தான் என்று கேட்டால், "நன்றி சொல்றவன் அடுத்த நிமிஷம் எதையாவது கேப்பான் மச்சான். எனக்கு எதுவும் வேணாம்" என்பார். ஊருக்கும் இது தெரியும். கேலி பேசுவார்கள். ஆனால் உள்ளுக்குள் அதில் அவர்களுக்கு ஒரு பெருமைதான். வீட்டிலும் அதே கதை. அக்கா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டு முடித்து "உப்பு சரியா இருக்கு" என்றால், அதுதான் அவர் கொடுக்கும் உச்சபட்ச விருது. அக்கா அந்த விருதை எப்போதாவதுதான் வாங்குவாள்.

முதலாளி போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் நிலையத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு ஊர் ஊருக்கு நிலையம் உண்டு, எந்த ஊரும் தெரியாது. எங்களை மேய்க்க ஒரு பிராந்திய அதிகாரி வந்தார். எதைக் கேட்டாலும் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டுவார், அதனால் 'ஸ்லைடு' என்று பெயர் வைத்தோம். முதல் படத்திலேயே, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று எழுதியிருந்தது. அடுத்த மாசமே குடும்பத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அதில் நானும் ஒருவன். என் வேலையை இனிமேல் தலைமையகத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். "அதுக்கு டீ கூட வேணாம் சார்" என்று என்னிடமே சிரித்தபடி சொன்னான் பாவி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்திருப்பேன். அத்தான் முகத்துக்காகச் சும்மா வந்தேன்.

அப்புறம் தொலைந்த பொருள் அறிவிப்பை நிறுத்தினார்கள். "தொலைஞ்ச குடையால கம்பெனிக்கு என்ன சார் வருமானம்?" என்று கேட்டார் ஸ்லைடு. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதே ஸ்லைடு, "உங்க குரல் ஒரு பொக்கிஷம் சார், அதைப் பாதுகாக்கணும்" என்றதும் மனுஷன் உச்சி குளிர்ந்துபோனார். குரல் விஷயத்தில் அவ்வளவு கர்வம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் பூட்டிய அறையில் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களையெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்துத் தள்ளினார். இடையிடையே வந்த இருமலை மட்டும் அழித்துவிடலாம் என்றார்களாம், அது வெறும் சத்தமாம். படித்து முடித்த மறுவாரம், இவருடைய பதவியே இனி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தான் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசி நாள் காலையில நானே மைக்குல சொல்லிட்டுப் போறேன். ரெண்டு நிமிஷம் போதும்."

"முடியாது சார். போறவங்க மைக்கைத் தொடக் கூடாதுன்னு கம்பெனி விதி. வேற ஊர்ல ஒருத்தர் போகும்போது எங்களைக் கண்டபடி திட்டிட்டார்."

"நான் திட்ட மாட்டேன்."

"விதி சார்."

மறுநாளும் போய் அதையே கேட்டிருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன், தன் வயதில் பாதிகூட ஆகாத ஒருவன் மேசை முன்னால் நின்று இரண்டு நிமிஷத்துக்காகக் கெஞ்சியிருக்கிறார். இதை அவரே என்னிடம் சொன்னார். "இத்தனை வருஷம் தெனம் அவங்க வீட்டுக்குள்ள போயிருக்கேன் மச்சான். சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போறதா?" என்று மட்டும் கேட்டார். கடைசி நாள் ஒரு கேக் வெட்டினார்கள். நிலையத்தின் படத்தைச் சட்டம் போட்டுக் கையில் திணித்தார்கள். ஸ்டுடியோ கதவுக்கு மேலிருக்கும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் பின்கட்டுக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் நுரையோடு இருந்தது. அக்கா பழக்க தோஷத்தில் ரேடியோவைப் போட்டாள்.

"அன்பான நேயர்களே," என்றது அத்தான் குரல். "இத்தனை ஆண்டுகள் ஆதரவு தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நான் மனமகிழ்ச்சியோடு ஓய்வு பெறுகிறேன். நிலையத்தை இன்னும் சிறந்த கைகளில் ஒப்படைத்துச் செல்கிறேன். புதிய நிர்வாகத்துக்கு என் இதயம் கனிந்த நன்றி. நன்றி, நன்றி."

அக்கா ரேடியோவைப் பார்த்தாள். கத்தியைப் பிடித்தபடி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க இங்க இருக்கீங்க. அப்போ அங்க யாரு?"

நான் விளக்கினேன், அந்த ஒரு வாரம் படித்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புகட்டி, அவர் சொல்லாததைச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று. அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் இவனுங்க கால்ல விழுந்துட்டுப் போனேன்னுல்ல ஊரு நெனைக்கும்?"

நிலையத்துக்குப் போன் போட்டார். அது எங்கோ தலைமையகத்தில் போய் விழுந்தது. நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். காத்திருப்பதற்கு நன்றி," என்றது போன். அதுவும் அத்தான் குரல்தான்! மனுஷன் தன்னையே பிடித்துத் திட்ட முடியாமல் போனைக் கீழே வைத்தார்.

அதற்குள் வாசலில் யாரோ கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு மூச்சிரைக்க நின்றார்.

"உயிரோட இருக்கீங்களா! நல்லவேளை. நன்றின்னு சொன்னீங்களே, பக்கவாதம்தான்னு நெனச்சு ஓடி வந்தேன். கைய நீட்டுங்க."

அவர் கையைப் பிடிப்பதற்குள் முடிவெட்டுகிறவர் வந்துவிட்டார், கையில் சீப்போடு. கடையில் பாதித் தலையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். "இருமலே வரலியே. அப்பவே சொல்லிட்டேன், ஆள் போயாச்சு, பழைய டேப்பைப் போடுறாங்கன்னு," என்றார் அத்தான் முகத்துக்கு நேராகவே. பேக்கரிக்கார அம்மா, துக்க வீடென்று முடிவே செய்து, வருகிறவர்களுக்கு ஒரு கூடை ரொட்டி கொண்டுவந்துவிட்டாள். அழுத கண்ணோடு வந்தவள், அத்தானைப் பார்த்ததும் ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். கழுத்தில் கத்தியை வைத்துச் சொல்ல வைத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி, புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கட்சி. ஒரு நன்றி சொன்னதற்கு ஒரு ஊரே எழவு வீட்டுக்குக் கிளம்பி வந்த கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெரு கொள்ளாத கூட்டம்.

அத்தான் பாதி முகத்தில் நுரையோடு வாசற்படியில் வந்து நின்றார். இருமினார். தெரு கப்பென்று அடங்கியது.

"அது நான் இல்ல. என் குரலைத் திருடி வெச்சுப் பேசுறானுங்க. நான் யாருக்கும் நன்றி சொல்லல."

"அதானே பார்த்தேன்!" என்று முடிவெட்டுகிறவர் கத்தினார். கூட்டத்துக்கு உயிர் வந்தது. பின்னாலிருந்து தையல்காரர், "அப்படியே என் குடையையும் சொல்லிடுங்க, நீங்க அறிவிப்பை நிறுத்தினதுலேருந்து நனைஞ்சுக்கிட்டுத் திரியறேன்" என்றார்.

அத்தான் மறுபடி இருமினார். "கறுப்புக் குடை. கைப்பிடியில சிவப்பு நூல் சுத்தினது. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல வெக்காதீங்க."

சத்தியமாக அவருக்குத் தெரியாது. பேக்கரிக்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மழைக்கு எடுத்தேன், திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்" என்றாள். தெருவே சிரித்தது. தையல்காரர் அபராதமாக ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் அத்தானையே பார்த்தார்கள். இந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் அந்தப் பயலிடம் கெஞ்சினார். பல நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததை அக்கா சொல்லியிருக்கிறாள். இப்போது ஒன்றும் வரவில்லை. நுரை காய்ந்து கன்னத்தில் உதிர்ந்தது.

"நான் வேலைய விட்டுப் போறேன்," என்றார் கடைசியில். "என் வாயால சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன். சொல்லிட்டேன். இனிமே காலையில நீங்க கேக்கறது நான் இல்ல." குரல் உடைந்தது. அதையும் இருமலாக்கிவிட்டார். "அவ்வளவுதான், போய் வேலையப் பாருங்க."

யாரும் கை தட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியைச் சுருட்டினார். ஒவ்வொருவராக வேலையைப் பார்க்கப் போனார்கள், இத்தனை வருஷமாகப் போனது போலவே.

நாங்கள் உள்ளே வருவதற்குள் போன் அடித்தது. ஸ்லைடு. அவர் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. "பொது இடத்துல அறிவிப்பு செஞ்சீங்களாமே சார்? 'போய் வேலையப் பாருங்க'ங்கறது நிலையத்தோட சொத்து. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்தக் குரலையும் வாக்கியத்தையும் இனிமே நீங்க..."

அத்தான் பொறுமையாகக் கேட்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இருமவில்லை. கம்பெனிக்குப் பிடித்த மாதிரியே, தேன் ஒழுகப் பேசினார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். காத்திருப்பதற்கு நன்றி."

போனை அணைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்பி, மிச்சமிருந்த கன்னத்துக்கு மறுபடி நுரை போட ஆரம்பித்தார். போன் "ஹலோ, ஹலோ" என்று தவித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சூடாக டீயோடு வந்தவள் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவளுக்கு வராத வார்த்தை, அந்தப் பயலுக்கு வந்துடுச்சோ?"

அத்தான் கை அப்படியே நின்றது. ஊரையே வாயை மூட வைத்தவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழித்தார். வாயைத் திறந்தார். இருமல் வந்தது. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"டீ ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார்.

அக்கா டம்ளரைப் பார்த்தாள். டீ தொடாமல் விளிம்பு வரை இருந்தது.

"மொதல்ல குடிங்க," என்றாள். "அப்புறம் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."