மாற்றிவைத்த பேக்கப்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. நான் பதறவில்லை. பேக்கப்தான் இருக்கிறதே... என்ன பயம்?

இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவங்காடி பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். போன மாதம் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து நாற்பது பேர் மலையிறங்கி, பஸ் பிடித்து வந்தார்கள். யாருக்கு எந்தக் கண்ணில் புரை, யாருக்கு உடனே ஆபரேஷன் — எல்லாம் நேரே கம்ப்யூட்டரில். பேப்பரே கிடையாது. என்ன ஒரு பெருமை எங்களுக்கு!

அன்றைக்கு டைப் அடிக்க அடிக்க சர்வர் நகரவே மறுத்தது. காரணம், தினமும் காலை பதினொரு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப். அப்படி செட் செய்தவர் ராஜேஷ் — சர்வரைக் கவனிப்பவர். வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். "ராஜேஷ், ஏதாவது செய்யுங்களேன்" என்றேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

"சேச்சி, பேக்கப் மாத்திவெச்சிட்டுண்டு. பேடிக்க வேண்டாம்."

பத்திரமாக வேறு இடத்தில் மாற்றி வைத்துவிட்டார், பயப்பட வேண்டாம் என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அவர் சொன்னதோ மலையாளம். அதில் மாற்றிவைப்பது என்றால் தள்ளிப்போடுவது! பரீட்சை மாற்றிவைத்தார்கள், கல்யாணம் மாற்றிவைத்தார்கள் என்று இருபது வருடமாக இந்த ஊர்ப் பேப்பரில் படிக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து என் காது தமிழில் கேட்டுத் தொலைத்தது.

சரி, என் தப்பு. தள்ளிப்போட்டவர் திரும்ப ஓடவிட வேண்டாமா?

"பின்னே செய்யாம்னு இருந்தேன் சேச்சி... மறந்து போச்சு" என்கிறார், சாவகாசமாக. அப்புறம் செய்யலாம் என்று இருந்தாராம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதென்ன, 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா? கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான். ஒரு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நேற்று எடுத்த காப்பியைத் திறந்து காட்டுங்கள்" என்று கேட்டேனா?

நாற்பது பேரும் மறுபடி வரவேண்டும். மாரியம்மாளின் நம்பர் மட்டும் என் போனில் இருந்தது. தேயிலை பறிப்பவர், ஆபரேஷன் லிஸ்டில் இருந்தவர். ரிப்போர்ட் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தேதி தரமாட்டார்கள். போன் போட்டு, இன்னொரு முறை வரவேண்டும் என்றேன்.

"மறுபடியுமா? நீங்க டைப் அடிச்ச சத்தம் கேட்டுச்சேம்மா..." என்றார்.

சர்வர், டிஸ்க், பேக்கப் என்று என்னென்னவோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா, வரேன். எனக்குத்தான் கண்ணு தெரியல. எல்லாம் பத்திரமா இருக்கான்னு நீங்களாவது பாத்திருக்கலாம்ல?"