கூடத்து உத்தரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். அங்கே முன்பு இருந்த பெண் கூடத்து உத்தரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவள். தெரிந்தேதான் வாங்கினோம்.

"வாடகை ஊட்டுக்காரனவிட பேய் இன்னாடி பண்ணிடப் போவுது?" என்று என் கணவர் சிரித்தார்.

எனக்குப் பிள்ளை பிறந்தது. தூளி கட்ட வேறு உத்தரம் இல்லை. அதில் கட்டப் பயந்து, பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். உடம்பு மரத்துப்போனது.

ஒரு மத்தியானம், வீட்டை விற்ற அம்மா, செத்தவளைப் பெற்றவள், வாசலில் வந்து நின்றாள். பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் துக்கக்காரி கால் வைக்கக்கூடாது என்று நான் உள்ளே கூப்பிடவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, தூளி கட்டலியா? பயமா கீதா?"

நான் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன்.

"எம் பொண்ணுக்கும் அதுலதான் கட்டனேன். மூணு வயசு வரிக்கும் அதுலதான் தூங்குனா. கட்டும்மா, நல்லாத் தூங்கும்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் திரும்பி நடந்தாள்.

அன்றே கட்டினேன். பிள்ளை தூங்கியது.

அந்தப் பெண் அங்கே செத்ததை ஊரே எனக்குச் சொல்லியிருந்தது. அங்கே வளர்ந்ததை அவள் அம்மாதான் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவளை நான் கேட்கவில்லை.