இனிக் கவலை இல்லை

கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எண்ணெய் இஞ்சின் விற்கப் போகிறவன் முதலில் மோர் குடித்துப் பழக வேண்டும். எந்த வீட்டிலும் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல மாட்டார்கள். ஒரு சொம்பு மோரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீடு வீடாய்ப் படியேறிச் சாமான் விற்ற புண்ணியவான்களே, சாயங்காலம் நம் வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த கையோடு தியாகராய நகரில் ஒரு கடையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, வேளச்சேரி வயல்களுக்குப் போவேன்.

நோட்டீஸ்

முதலாளி நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தார். கொட்டை எழுத்தில், "எங்கள் இஞ்சின் வாங்குங்கள். இனிக் கவலை இல்லை!" மாடு கட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைப்பதற்கு அந்தப் பக்கம் கவலை என்றுதான் பெயர். தியாகராய நகரில் உட்கார்ந்திருந்த அவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

முனியம்மாவிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டு பெண் குழந்தைகள். அரை ஏக்கர் கத்தரித் தோட்டம், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. அவை இருந்ததால்தான் அவள் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குக் குனியாமல் இருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மாட்டை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவலை இல்லேன்னா நானு எப்டி நைனா பொழைக்கிறது?"

நல்ல மகசூல்

இஞ்சின் வாங்கியவர் பக்கத்து நிலத்துத் தணிகாசலம். இரண்டு பேருக்கும் அதே மண், அதே மழை. அந்த மழையும் இரண்டு வருஷமாகக் காலை வாரிவிட்டிருந்தது. முனியம்மா கம்மலை விற்று விதை வாங்கின வருஷத்தில் இவர் மட்டும் எப்படி இஞ்சின் வாங்குகிறார்? ஏதோ எருவில் சூட்சுமம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் மற்ற ஊரிலும் சொல்லலாமே என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"மூத்த பையன் கோட்டையில குமாஸ்தா. மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. விவசாயத்துல நமக்கு அதான் நல்ல மகசூல்."

மாலை மரியாதை

இஞ்சின் ஓடிய முதல் நாள் அதற்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மாலை போட்டார்கள். எனக்கும் ஒரு மாலை. தொடை பருமன் தண்ணீர் கொட்டியபோது, அடடா, நானே கங்கையைக் கொண்டு வந்துவிட்ட மாதிரி மார் நிமிர்ந்துவிட்டது. சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். முனியம்மாவின் சாலில் சேறுதான் ஏறி வந்துகொண்டிருந்தது. ஓடி வந்து என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சின அவுரு கெணத்துல வெச்சியா, என் கெணத்துல வெச்சியா?"

நியாயம் கேட்கப் போனது

தணிகாசலத்திடம் போய், பாதிப் பொழுது மட்டும் ஓட்டக் கூடாதா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. உட்காரச் சொன்னார். மோர் வந்தது. விளைச்சலில் பாதியைக் கொடுத்தால் அவள் தோட்டத்துக்கும் தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருக்கிறாராம், அவள்தான் பிடிவாதக்காரியாம். கிளம்பும்போது தோளில் தட்டிக் கொடுத்தார்.

"மேலதான் தம்பி வரப்பு கீது. அடியில எவன் வரப்பு போட்டான்?"

முதலாளி யோசனை

முனியம்மா தன் கிணற்றை ஆழமாய் வெட்டலாம்தான். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கடன் தருகிறேன் என்றாராம் சைதாப்பேட்டையில் வட்டிக்கு விடுகிறவர். தண்ணீர் இருந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன் என்று இவள் திரும்பி வந்துவிட்டாள். மனசு கேட்காமல் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"அப்படின்னா அந்த அம்மாவுக்கும் ஒரு இஞ்சின் தேவைப்படுதுன்னு அர்த்தம். நாளைக்கே போய்ப் பாரு."

சொன்ன சொல்

அடுத்த வருஷம் தணிகாசலத்தின் இஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்று என்னை அனுப்பினார்கள். வரப்பு ஒன்று காணாமல் போயிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கத்தரித் தோட்டம். பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். முனியம்மா. பக்கத்தில் அவளுடைய பெரிய பெண்ணும் குனிந்திருந்தாள். என் வாய்க்கு அந்த நேரத்தில் வந்தது, "சௌக்கியமா?" என்பதுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரித்தாள்.

"மாட்ட வித்தாச்சு, சாலு பரண் மேல கீது. நீ படிச்சிக் காட்னியே, அப்டியே ஆயிப்போச்சு நைனா. இனிமே எனுக்குக் கவலை இல்லை."

மொத்தத்தில், நோட்டீஸில் அச்சடித்த வாக்குத் தவறிய இஞ்சின் எதையும் நான் விற்றதில்லை.